உக்காரு என்று சொல்வதற்கு முன்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசல் நோட்டில் 'வந்த காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். என் பெயருக்கு நேராக அந்தக் கட்டத்தில் செக்யூரிட்டி அண்ணன்கள் பெரும்பாலும் 'நாய்' என்று மட்டும் எழுதுவார்கள். வேளச்சேரியில் ஒருவர் 'நாய் வாத்தியார்' என்று எழுதினார். இதுவரை கிடைத்ததில் எனக்குப் பிடித்த பட்டம் அதுதான். அம்மா சொந்தக்காரர்களிடம் 'நாய் டாக்டர் மாதிரி' என்று சொல்லிவைத்திருக்கிறாள். அந்த 'மாதிரி'க்குள் அவளுடைய மொத்தக் கவலையும் அடக்கம்.

இந்தத் தொழிலுக்கு வர எந்தக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது, செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018இல். பயிற்சியாளருக்கு ஒன்றும் இல்லை. நாளைக் காலையில் நீங்கள் ஒரு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டால் மாலையில் நீங்கள் டாக் ட்ரெய்னர். அமெரிக்காவை மையமாகக் கொண்ட ஒரு சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. அதை எழுதவே 300 மணிநேரம் பயிற்சி கொடுத்த அனுபவம் காட்ட வேண்டும். நம் ஊரில் அதை யாரும் கேட்பதில்லை. கேட்பது ஒன்றுதான்: "எத்தனை நாள்ல சரியாகும்?"

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் காவல்துறை நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஏரியா மைதானத்தில் காலை ஐந்தரைக்கு நான்கைந்து நாய்களுடன் நிற்பார். கால் சென்டர் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் அவரை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். ஒருநாள், "சும்மா நிக்கிறதுக்கு இதப் புடி" என்று ஒரு கயிற்றைக் கையில் கொடுத்தார். முதல் இரண்டு மாதம் அவர் எனக்குக் கொடுத்த வேலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தெருநாய்களைப் பார்ப்பது. "வாலப் பாக்காதடா, வால் எல்லாருக்கும் தெரியும். வாயப் பாரு. கண்ணோட வெள்ளையப் பாரு."

அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை இன்றும் என் சோற்றுக்கு ஆதாரம். தூக்கம் வராத நேரத்தில் நாய் கொட்டாவி விட்டால் அது சங்கடத்தில் இருக்கிறது. சாப்பாடு எதுவும் இல்லாமல் மூக்கை நக்கினாலும் அப்படித்தான். தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் வைத்து, அதில் வெள்ளை பிறை மாதிரித் தெரிந்தால் கையை எடுத்துவிடுவது நல்லது. குழந்தை நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் 'க்யூட்' வீடியோக்களை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியாமல் போனது அதற்குப் பிறகுதான். பாதி வீடியோக்களில் நாய் 'என்னை விடு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கீழே இதயங்கள் பறந்துகொண்டிருக்கின்றன.

சார் சோக் செயின் போடுபவர். இழுத்தால் கழுத்து இறுகும், நின்றால் தளரும். இந்தப் பரம்பரைக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்பவர் 1910இல் எழுதிய பயிற்சி நூலில் இருந்து ராணுவ, போலீஸ் நாய்களின் உலகம் பெருமளவு இப்படித்தான் கிளைத்தது. சாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வந்த நாய்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒரு நாய், ஒரு ஆள், தினமும் வேலை, தினமும் மைதானம். எனக்கு வருவது ரெண்டு பெட்ரூம் வீட்டில் ஆறு பேரின் ஆறு விதமான பேச்சுக்கு நடுவே, நாளுக்கு இருபது நிமிடம் வெளியே போகும் நாய். இரண்டும் ஒரே பிராணி என்பதைத் தவிர வேறு ஒற்றுமை குறைவு.

அதனால் வேறு பக்கம் படிக்க வேண்டியிருந்தது. பாவ்லோவை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்கு. நாயின் எச்சில் அந்த வழியில் வந்து சேர்ந்த விஷயம். எனக்குப் பிடித்தது ஸ்கின்னரின் மாணவர்களான பிரெலண்ட் தம்பதியின் கதை. இரண்டாம் உலகப் போரில் புறாக்களை வைத்து ஏவுகணையைச் செலுத்தும் திட்டத்தில் ஸ்கின்னருடன் வேலை செய்தவர்கள், பிறகு விளம்பரங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். 1961இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காசை எடுத்து உண்டியலில் போடப் பழக்கிய ரக்கூன், கொஞ்ச நாளில் காசை உள்ளே போடாமல் இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே நின்றதாம். பன்றி மரக்காசைக் கீழே போட்டு மூக்கால் முட்டிக்கொண்டே இருந்ததாம். தீனி தள்ளிப்போகிறது என்றாலும் விடவில்லை. ஜீவராசிக்குள் ஏற்கெனவே எழுதியிருப்பதன் மேல்தான் நாம் எழுத முடியும் என்று தங்கள் குருவுக்கு மரியாதையாகச் சொன்ன பதில் அது. சிப்பிப்பாறையை ஃபிளாட்டில் வளர்த்துக்கொண்டு, பூனையைக் கண்டால் ஏன் பறக்கிறது என்று கேட்பவர்களிடம் இந்த ரக்கூனைத்தான் அனுப்பிவைக்கிறேன். முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த நாய் அது.

வேலை என்று பார்த்தால் சின்னதுதான். நாயின் பின்பாகம் தரையைத் தொடும் அந்த நொடியில் 'ம்' என்று ஒரே மாதிரி ஒரு சத்தம், உடனே ஒரு துண்டு அவித்த கோழி ஈரல். ஒரு நொடி தாமதித்தால் நாய் ஏற்கெனவே எழுந்திருக்கும். நீங்கள் எழுந்ததற்குக் கூலி கொடுத்துவிட்டீர்கள். டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையரின் புத்தகம் 1984இல் வந்து, இந்த 'டிக்' சத்தக் கருவியை நாய்க்காரர்களிடம் பரப்பியது. எனக்குக் கருவி வேண்டாம், வாயே போதும். ஈரல்தான் பிரச்சினை. மே மாதத்தில் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும். 21ஜி பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

நாய்ப் பயிற்சி என்பது உண்மையில் மனிதர்களைப் பழக்குவதுதான் என்று இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு வசனம் வைத்திருப்பார்கள். பாதி சரி. மனிதர்கள் பழக மாட்டார்கள் என்பது மீதி. ஒரு வீட்டில் சாப்பாட்டு மேஜையருகே லேப்ரடார் குரைக்கிறது. கண்டுகொள்ளாதீர்கள், நிற்பதற்கு முன் கொஞ்சம் அதிகமாகும், அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லோரும் இருந்தார்கள். தாத்தா மட்டும் பதினைந்தாவது குரைப்பில் ஒரு சப்பாத்தித் துண்டைக் கீழே நழுவவிட்டார். அடுத்த நாள் எட்டாவதில். அதற்கடுத்த நாள் இருபதாவதில். எப்போது விழும் என்று தெரியாத சப்பாத்திதான் இருப்பதிலேயே வலுவானது; லாட்டரிச் சீட்டு அதை வைத்துத்தான் ஓடியது. தாத்தாவிடம் பேசிப் பார்த்தேன். "தம்பி, இந்த வீட்ல என்னைப் பாத்து எதாவது கேக்கறது அது ஒண்ணுதான்" என்றார். அந்த நாய் இன்றும் குரைக்கிறது.

இன்னொரு வகை, டிவி பார்த்துவிட்டு வருபவர்கள். "நான் ஆல்ஃபாவா இருக்கணும்ல ப்ரோ?" நாய் சாப்பிடுவதற்கு முன் தான் ஒரு பிஸ்கட்டையாவது அதன் எதிரில் தின்று காட்டும் ஐடி இளைஞரைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆல்ஃபா கதை, சுவிட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சி சாலையில் அடைத்துவைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதில் இருந்து கிளம்பியது. 1970இல் டேவிட் மெக்கின் ஓநாய் நூல் அதை உலகமெல்லாம் கொண்டுபோனது. பிறகு மெக்கே காட்டில் வருடக்கணக்காகப் பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான் என்று 1999இல் எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடாதீர்கள் என்று பதிப்பகத்தை அவரே கேட்டுக்கொண்டிருந்தார். பிஸ்கட் தின்பவருக்குச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.

மொழி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவருக்கொருவர் தமிழ் பேசுகிறவர்கள் நாயிடம் மட்டும் இங்கிலீஷ் பேசுவார்கள். சிட், கம், நோ, குட் பாய். இங்கிலீஷில் நான்கு வரி சேர்ந்தாற்போலப் பேசத் தயங்கும் பாட்டிகூட நாயைப் பார்த்ததும் 'ஷேக் ஹேண்ட்' என்பார். அதே வீட்டில் வேலைக்கு வரும் அக்கா "உக்காருடா கண்ணு, கூட்டணும்ல" என்பார், நாய் சட்டென்று உட்காரும். நாய்க்கு மொழி முக்கியமில்லை. அக்கா ஒரே தொனியில், ஒரே நேரத்தில், ஒரே வாக்கியத்தை வருடக்கணக்காகச் சொல்கிறார். அவர்தான் அந்த வீட்டின் உண்மையான பயிற்சியாளர். சம்பளத்தில் அதற்கு ஒரு ரூபாய் கிடையாது.

2023இல் அண்ணா நகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். மூன்று வயது ஜெர்மன் ஷெப்பர்ட். போனில் "கொஞ்சம் ஹைப்பர்" என்று சொல்லியிருந்தார்கள். ஹாலில் உட்கார்ந்து பேசும்போதுதான், சமையல் செய்யும் அக்காவின் வலது கை மணிக்கட்டில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்தேன். "சும்மா பல்லு பட்டுச்சு" என்றார் வீட்டுக்காரர். துணியைப் பிரித்தால் உள்ளே காபித்தூள். இரண்டு குழி. நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"ஊசி போட்டீங்களாக்கா?"

"நம்ம நாய்க்குத்தான் எல்லா ஊசியும் போட்டிருக்கே தம்பி" என்று அவருக்கு முன்னால் வீட்டுக்காரம்மா பதில் சொன்னார்.

நாய்க்குப் போட்ட ஊசி நாய்க்கு. கடிபட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், காயத்தில் காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு செய்வதற்கு அநேகமாக எதுவுமே இல்லை. ஊசி வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது டாக்டர்; நானோ வீட்டுக்காரம்மாவோ இல்லை. நானே வேலையில் இறங்குவதற்கு முன்பு தடுப்பூசி போட்டுக்கொண்டவன். இதைச் சொல்லி, அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த சீட்டைக் காட்டிய பிறகுதான் நாயைத் தொடுவேன் என்றேன். ஒரு மாதிரி அமைதி. நாய் வாத்தியார் இதையெல்லாம் பேசுவார் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் டிரைவருடன் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே இந்த ஊசிக்குக் காசு கிடையாது. காசு அங்கே பிரச்சினையாக இருக்கவும் இல்லை.

நாயின் கதை பிறகு வந்தது. 2020 ஊரடங்கில், கதவைத் திறந்து யாரும் உள்ளே வராத காலத்தில் வாங்கிய குட்டி. மூன்றாவது வாரத்தில் இருந்து பன்னிரண்டாவது, பதினான்காவது வாரம் வரைக்கும் ஒரு குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதுதான் அதற்கு உலகம். இவன் உலகத்தில் நான்கு பேர். ஐந்தாவது ஆளைப் பார்த்தால் உறுமுவான். முன்பு வந்த ஒரு ட்ரெய்னர் உறுமும்போதெல்லாம் செயினைச் சுண்டி, பதினைந்து நாளில் உறுமலை நிறுத்திக் கொடுத்திருக்கிறார். வீட்டில் மிகுந்த திருப்தி. பயம் அப்படியே உள்ளே இருக்க, எச்சரிக்கையை மட்டும் பிடுங்கிவிட்டார் அவர். அதன்பிறகு அவன் சொல்லாமல் கடித்தான். புகை வந்தால் அலறும் மணியை, சத்தம் தாங்கவில்லை என்று கழற்றிவைத்த மாதிரி.

திட்டம் சொன்னேன். சமையலறை வாசலில் ஒரு தடுப்புக் கதவு. கூடை மாதிரியான வாய்மூடி, அதையும் ஈரல் காட்டி மூன்று வாரம் பழக்கிய பிறகு. அக்கா தூரத்தில் தெரிந்தால் ஈரல் மழை, மறைந்தால் நிற்கும். நாய் நிம்மதியாக இருக்கும் தூரம் எதுவோ அங்கிருந்து ஆரம்பம். அன்றைக்கு அது பதினெட்டு அடி. நான்கு மாதம் ஆகலாம்.

"அவங்க தினமும் வந்து நிக்கட்டும், அவங்களுக்கு என்ன" என்றார் வீட்டுக்காரர்.

அக்காவைத் தனியாகக் கேட்டேன். "பயமாத்தான் இருக்கு தம்பி. நின்னுடலாம்னா முப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருக்கேன்."

அன்று இரவு வெகுநேரம் கணக்குப் போட்டேன். அந்த மாதம் எனக்கும் வாடகை பாக்கி. கடைசியில் வீட்டுக்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன்: அக்காவுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் நிற்பார், நிற்கும் அரை மணிநேரத்துக்குத் தனியாகக் கூலி உண்டு, வேண்டாம் என்று எந்த நாளும் சொல்லலாம், சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு நீல டிக். மூன்று நாள் பதில் இல்லை. நான்காவது நாள் 'ஓகே, கம் ஃப்ரம் மண்டே' என்று வந்தது. செயின்காரரைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார்கள் என்று என் ஊகம்.

நான்கு மாதம் ஐந்தரை மாதம் ஆனது. பதினெட்டு அடி ஆறு அடியானது. நடுவில் தீபாவளி வந்து மூன்று வாரத்தைத் தின்றது. இப்போது அக்கா உள்ளே வரும் சத்தம் கேட்டால் அவன் தடுப்புக் கதவுக்குப் பின்னால் போய், யாரும் சொல்லாமல் உட்கார்ந்து வாயைப் பார்க்கிறான். அவர் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போகிறார். மகள் ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, ஒரு தடவ தலையத் தடவுங்க, பிஃபோர் ஆஃப்டர் போடலாம்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொல்லிவிட்டார். "அதெல்லாம் வேணாம் பாப்பா. அது அங்க இருக்கட்டும். நான் இங்க இருக்கேன்."

கடைசி வகுப்பு அன்று என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "நீ வரலேன்னா ஈரல் யாரு வாங்குவா?" ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: செவ்வாய், வெள்ளி, கால் கிலோ, அக்கா கையில் கொடுக்கவும். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் அசைவம் கிடையாது என்று வீட்டுக்காரம்மா வந்து, அடித்துவிட்டுப் புதன் என்று எழுதினார்.