கல்லைப் பார்த்து உட்காருங்கள்

சூலியா தெருவில் அறை எடுப்பவர்களுக்குக் காலைப் பசி ஒரு சிக்கல்தான். மலிவு விடுதிகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு இது. விடுதிக்குக் கீழேயே வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று காப்பிக்கடைகள், அவற்றில் பொரித்த முட்டையும் வாட்டிய ரொட்டியும். அதைச் சாப்பிட பினாங்கு வரை வர வேண்டியதில்லை. தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியர்களின் பெயரைத் தாங்கிய தெரு. 1801இல் காதிர் முகைதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில்தான் இருக்கிறது. தெருவிலேயே ஒரு நாகூர் தர்காவும் உண்டு. இங்கே விடிந்ததும் தேட வேண்டியது, நம் பரோட்டாவின் உறவான ரொட்டி சானாய்.

புது ஊரில் கடை தேடும்போது நான் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை, கல்லைப் பார்ப்பேன். சுட்ட ரொட்டியை ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தால் நடையைக் கட்டிவிட வேண்டியதுதான். கேட்ட பிறகு உருண்டையைக் கையில் எடுக்கிற கடை என்றால் தாராளமாக உட்காரலாம். அப்படித்தான் பக்கத்துச் சந்தொன்றில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தேன். மேசைகளில் மோட்டார் சைக்கிள் தலைக்கவசங்கள்; சீருடைப் பிள்ளைகளோடு ஒரு மலாய்த் தாய்; பத்திரிகையில் மூழ்கிய சீனப் பெரியவர்.

கல்லருகே நின்றவர் கடையநல்லூர்க்காரர். தமிழில் பேச்சுக் கொடுத்ததும் முகம் மலர்ந்தது, கை நிற்கவில்லை.

“மாவு எப்ப பிசைவீங்க, பாய்?”

“ராத்திரியே பிசைஞ்சு உருட்டி மார்ஜரின்ல ஊறப் போட்டுருவோம் தம்பி. ஊறலைன்னா வீச்சுக்கு வராது, கிழிஞ்சிரும். மழைநாள்னா தண்ணியைக் குறைச்சுப் பிசையணும்.”

மைதாவைப் பிசையப் பிசைய அதிலுள்ள புரதம் இறுகிக்கொள்ளும். அந்த நிலையில் இழுத்தால் பழைய இடத்துக்கே சுருங்கும். மணிக்கணக்கில் ஓய்வு கொடுத்தால் தளர்கிறது. மேலே பூசிய கொழுப்பு காயாமல் காக்கிறது. அவர் உருண்டையை உள்ளங்கையால் தட்டி, விளிம்பைப் பிடித்து இரண்டு மூன்று முறை வீசினார். மேசையின் எவர்சில்வர் தெரியும் அளவுக்கு மாவு மெலிந்தது. மடிக்கும்போது உள்ளே சிக்கிய காற்றும் கொழுப்பும்தான் கல்லில் அடுக்கடுக்காகப் பிரிகின்றன. வெந்ததை எடுத்து இரு கையாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்குகிறார். அந்த அடி விழாவிட்டால் சானாய் தட்டையாகவே கிடக்கும். பக்கத்தில் தே தாரிக் போடும் இளைஞர் கையை உயர்த்தித் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். சுற்றுலாப் பயணிகளின் கேமராக்கள் எல்லாம் அவரை நோக்கித்தான். வித்தை என்னவோ கல்லருகே நடந்துகொண்டிருந்தது.

“கோசோங் டுவா, தெலோர் சத்து, பஞ்சிர்!” என்று பரிமாறுபவர் குரல் கொடுக்கிறார். வெறும் ரொட்டி இரண்டு, முட்டை போட்டது ஒன்று, குழம்பு மேலேயே ஊற்றி. கட்டளை மலாயில், கல்லருகே சண்டையும் சிரிப்பும் தமிழில்.

மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சானாயும் தே தாரிக்கும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் அதில் அடக்கம். பதிவின் தலைப்பு, பல இனங்கள் சேர்ந்து உண்ணும் அனுபவத்தைச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் 2010இல் மெக்சிகோவின் சமையல் அதே பட்டியலில் ஏறியபோது, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் முறையும் மிச்சோவக்கான் மாநிலச் சமையல் பெண்களும் விவரிக்கப்பட்டார்கள். இங்கே தலைப்பில் சாப்பிடுகிறவர்கள் மட்டும் இடம் பிடித்துவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

சமைக்கிறவர்களைப் பற்றிய பேச்சு அரசியலில்தான் வருகிறது. 2018இல் அன்றைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், உணவகங்கள் உள்ளூர்ச் சமையல்காரர்களை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களில் பின்வாங்கினார். ஆள் கிடைக்கவில்லை என்று முஸ்லிம் உணவக உரிமையாளர் சங்கமான பிரெஸ்மா அரசிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டு வருகிறது. கேட்டால் நம் பாய் சிரிக்கிறார்: “எங்க பெர்மிட்டு முடியுறப்பதான் எங்க அருமை தெரியும்.”

எனக்குப் பிடிபடாதது வேறு. நம் ஊரில் இதே மைதா, இதே வீச்சு. ஆனால் பரோட்டாக் கல் சூடாவது பொழுது சாயும்போதுதான். சால்னாவோடு சேர்ந்த ராத்திரிச் சாப்பாடு அது. கடல் தாண்டியதும் பருப்புக் குழம்போடு காலைக்கு மாறிவிட்டது. விடுப்பில் போகும்போது ஊரில் கடை போடும் எண்ணமுண்டா என்று கேட்டேன்.

“போட்டுப் பார்த்தேனே! சானாய்க் கடைன்னு விடியக்காலையில திறந்தேன். வந்தவன் எல்லாம் இட்லி இருக்கான்னு கேட்டான்.” அடுத்த உருண்டையை எடுத்தார். “முட்டையா, கோசோங்கா?”