முடி கிடந்த மாலை

பூக்கட்ட உட்காரும் முன் தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டு, மேலே துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் தொழில் பழகிய பூக்கடையில் இதுதான் முதல் பாடம். பூவை மோந்து பார்க்கக் கூடாது, கீழே விழுந்ததை எடுத்துக் கூடையில் போடக் கூடாது என்பதெல்லாம் அதற்கு அடுத்துதான். "ஒரு பூ வாடியிருந்தா எடுத்துப் போட்டுரலாம் தாயி. முடி கிடந்தா மாலையே போச்சு" என்பார் கடைக்காரத் தாத்தா.

முதலில் நார். வாழைநாரை நனையவிட்டு, நகத்தால் வகிர்ந்து, ஒரே பருமனாகப் பிரித்தெடுக்கப் பழகினேன். பிறகு கண்ணி. இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ வைத்து இடது கை விரல்களில் பிடித்துக்கொள்ள, வலது கை நாரைச் சுற்றி வளைத்து ஒரு சுண்டு சுண்டும். அதிகம் இறுக்கினால் மல்லிகைக் காம்பு அறுந்துவிடும். தளர்ந்தால் முழம் போடும்போதே பூ உதிரும். துளசிக்கு ஒரு பதம், மரிக்கொழுந்துக்கு ஒரு பதம், செவ்வந்திக்கு வேறு. எதையும் வாயால் சொல்லித்தர முடியாது, விரலுக்குத்தான் பிடிபட வேண்டும். அது என் விரலுக்கு லேசில் பிடிபடவில்லை. வீட்டு விசேஷத்துக்கான சரத்தை ஓரளவு கட்டிவிடுவேன். கோயிலுக்குப் போகிற மாலை என்றால் கை தானாக இறுக்கும், காம்புகள் மடியில் உதிரும்.

"நார் மேல கோவமா, பெருமாள் மேல பயமா?" என்று ஒருநாள் தாத்தா கேட்டார்.

பயம்தான். எங்கள் வீடு சிவகாசிப் பக்கம். அம்மா பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறவள். அங்கே இரும்புச் சாமான் கூடாது, மரமும் பித்தளையும்தான். நைலான் சேலை கூடாது, பருத்திதான். சின்ன அறை ஒன்றில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. மருந்து கொஞ்சம் உரசினால் போதும், அதற்கு மன்னிக்கத் தெரியாது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். உராய்வு, வெப்பம், அறை கொள்ளாத சரக்கும் ஆளும் என்று இப்படிப்பட்ட விபத்துகளுக்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் "என்ன பாவம் செஞ்சாங்களோ" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. தப்புச் செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, மருந்தும் சாமியும் ஒரே குணமுள்ளவையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

தாத்தா புத்திமதி சொல்லவில்லை. வேலை முடிந்ததும் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பெரியாழ்வார் பூப்பறித்த நந்தவனத்தையும், துளசிச் செடியடியில் ஆண்டாள் கிடைத்ததாகச் சொல்லும் இடத்தையும் காட்டினார். பிறகு கண்ணாடிக் கிணறு. பெருமாளுக்கு என்று அப்பா கட்டிவைத்த மாலையை மகள் தன் தோளில் போட்டு அழகு பார்த்தது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் என்பார்கள். ஒருநாள் பெரியாழ்வார் மாலையில் முடி கிடந்ததைப் பார்த்துவிட்டார். பதறி, மகளைக் கடிந்து, வேறு மாலை கட்டிக்கொண்டு போனார். பெருமாள் அதை ஏற்கவில்லை. அவள் சூடிக் களைந்ததுதான் வேண்டும் என்றார்.

கதை எனக்கு முன்பே தெரியும். பூக்கட்டப் பழகிய பிறகு கேட்டபோதுதான் அதில் ஒரு முடிச்சு இருப்பது தெரிந்தது. "முடி கிடந்த மாலையை அவரே கேட்டு வாங்கினாரே தாத்தா, அப்புறம் நமக்கு எதுக்குக் கொண்டை?"

சிரித்தார். "அவரு கேட்டது அவளை. முடியையா கேட்டாரு?"

வைணவ ஆசாரியர்கள் இதையே பல தலைமுறை விவாதித்திருக்கிறார்கள். அடியாரின் குற்றத்தைப் பெருமாள் பார்த்தும் பாராமல் இருக்கிறார் என்பது வடகலையார் கொள்கை. தென்கலையார் ஒரு படி மேலே போகிறார்கள்: குற்றத்தையே விருப்பத்தோடு ஏற்கிறார், ஈன்ற பசு கன்றின் உடம்பிலுள்ள அழுக்கை நக்கி எடுப்பதுபோல. பிள்ளை லோகாசாரியர் வழியில் வந்த நோக்கு இது. தாத்தா இந்தப் புத்தகங்களைப் படித்தவர் இல்லை, ஆனால் பசு உவமை அவருக்கும் தெரிந்திருந்தது. "பசு நக்குதுங்கிறதுக்காகக் கன்னு சேத்துல போயிப் புரளணுமா?" என்றார். "தளர்ந்த கண்ணியை அவுத்துக் கட்டு. கட்டினப்புறமும் குறை இருந்தா, அது அவரு பாடு."

நான் அன்றுவரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். வேலையில் குறை இருந்தால் ஆளையே தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். தாத்தா என் மாலையை அவிழ்க்கச் சொல்வார், என்னை ஒருநாளும் எழுந்து போகச் சொன்னதில்லை. அந்த வித்தியாசம் புரிந்தபோது கை இறுக்குவதை விட்டது.

குறை என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட அந்த மாலை இன்று எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க வேண்டும். புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு, ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருமலைக்குப் போகிறது. சித்திரையில் மதுரைக்குப் போகிறது, கள்ளழகர் அதைச் சாத்திக்கொண்டுதான் வைகையில் இறங்குகிறார். பெரியாழ்வாரைப் பதறவைத்த காரியமே இப்போது வழிபாட்டு முறையாகிவிட்டது.

அம்மாவுக்கு நான் சொன்னது இன்னொரு கதை. நான் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். கூலி வேலை, கடன், பிறகு முழங்கால் வலி என்று அது தள்ளிக்கொண்டே போனது. வீட்டில் எது கெட்டாலும் "சட்டி பாக்கி இருக்குல்ல" என்பாள். ஆண்டாளுக்கும் ஒரு பாக்கி இருந்தது. அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்து பாடியவள் அதைச் செலுத்தவில்லை. சில நூற்றாண்டுகள் கழித்து ராமானுஜர் அவளுக்காகச் செலுத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, "அண்ணா" என்று அவள் அழைத்ததாகச் சொல்வார்கள். இத்தனை காலம் பாக்கி வைத்தவள் என்று எந்தப் பெருமாளும் அவளை ஒதுக்கவில்லை.

வருகிற ஆடி கடைசி வெள்ளிக்குச் சட்டியை நான் எடுக்கிறேன் என்றேன். "நேர்ந்தது நான், எடுக்கிறது நீயா?" என்று அம்மா தயங்கினாள். ராமானுஜரை மறுபடி இழுத்தேன். சரத்துக்கு நாரைக் கிழித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அவரு ஏத்துக்கிட்டாருன்னா, இவ ஏத்துக்க மாட்டாளா? ஆத்தாதானே" என்றாள்.