வேட்டுக்குச் சான்றிதழ், துப்பாக்கிக்கு?

வெடிமருந்தை நன்கு அறிந்த ஊர் நம் கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே காலூன்றியது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி மூடப்பட்டது வரையில், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் நம் முன்னோர் பாறைக்கு வேட்டு வைத்தே பிழைத்தனர். வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய குடும்பங்களுக்கு, நிலத்தடியில் பாறை வெடித்து வீடு அதிர்வதும் பழகிப்போன ஒன்றே.

இன்று சுரங்கம் இல்லை. நம் பிள்ளைகள் விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவருள் சிலர் போலீஸ் உத்தியோகத்தை நாடுகின்றனர். அண்மையில் எங்கள் உறவிலும் ஒரு பிள்ளை ஆயுதப்படைக் காவலனாகத் தேர்வு பெற்றான். தாயார் தெருவெல்லாம் இனிப்பு வழங்கினார். பாட்டியார் மட்டும், "ஏண்டா தம்பி, கையிலே துப்பாக்கி குடுப்பாங்களா?" என்று கேட்டார். பிள்ளை பெருமையோடு தலையசைத்தான். பாட்டியார் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

அந்த மௌனத்தின் பொருள் தங்கவயலார்க்குப் புரியும். 1946 நவம்பர் 4-ஆம் நாள் இவ்வூரில் போலீசார் சுட்டதில் சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் தொழிலாளர் தியாகிகளை நினைவு கூர்கின்றோம். துப்பாக்கிக்கு எதிரே நின்ற குடும்பங்களிலிருந்தே இன்று துப்பாக்கியை ஏந்தும் பிள்ளைகளும் புறப்படுகின்றனர். ஆகவே, அப்பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கப்படுகிறது, எத்தகைய தேர்வுக்குப் பின் ஆயுதம் தரப்படுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு இரட்டிப்பாக உண்டு.

எங்கள் தந்தையார் காலத்தில் சுரங்கத்தில் எவரும் நினைத்தபடி வேட்டு வைத்துவிட முடியாது. அதற்கெனத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவரே அப்பொறுப்பை ஏற்கலாம். 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகள் அதனைச் சட்டமாகவே வகுத்துள்ளன. பாறையில் துளையிட்டு மருந்து நிரப்பத் தெரிந்தால் மட்டும் அவர் தேர்ந்தவராகார். அருகில் ஆள் உண்டா என்று பார்க்க வேண்டும். எச்சரிக்கை கொடுக்க வேண்டும். வெடித்தவற்றை எண்ண வேண்டும். ஒன்று வெடிக்கவில்லை எனில் பொறுத்திருக்க வேண்டும். வெடிக்க வைப்பதை விட, வெடிக்காமல் நிறுத்தி வைப்பதே அத்தொழிலில் பெரிய படிப்பு என்று தந்தையார் சொல்வார்.

இந்த அளவுகோலைத் துப்பாக்கிக்கும் வைத்துப் பார்ப்போம். புதிதாகச் சேரும் காவலருக்கு ஆயுதத்தைக் கழற்றிப் பூட்டவும், படுத்தும் மண்டியிட்டும் நின்றும் சுடவும், மூச்சடக்கி விசையை அழுத்தவும் கற்பிக்கின்றனர். குறிப்பலகையில் குண்டுகள் எத்தனை நெருக்கமாகப் பதிந்தன என்று பார்த்து மதிப்பெண் இடுகின்றனர். இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் பலகை ஓடுவதில்லை, அழுவதில்லை, அதன் பின்னே குழந்தை நிற்பதில்லை. பகல் வெளிச்சத்தில், அமைதியான திடலில் பெற்ற மதிப்பெண் தெருவில் எவ்வளவு உதவும்?

இதற்கு நியூயார்க் நகரம் ஒரு விடை தருகிறது. அந்நகரப் போலீசாரின் துப்பாக்கிப் பயிற்சியை ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்ந்து 2008-இல் அறிக்கை வெளியிட்டது. எதிராளியும் சுடும் சண்டைகளில் போலீசார் சுட்ட குண்டுகளில் 100-க்கு 18 மட்டுமே இலக்கில் பட்டன; எதிராளி சுடாதபோதும் 100-க்கு 30 தான். திடலில் தேர்ச்சி பெற்றவரே அவர்கள். எஞ்சிய குண்டுகள் எங்கே சென்றன என்பதை எண்ணினால் நெஞ்சு நடுங்கும்.

அதே நாட்டில் நியூஜெர்சி மாநிலத்தில் மார்கேட் என்னும் சிற்றூரில், தப்பியோடியவனை இரவில் துரத்திய காவலரின் குண்டு, தெருவுக்கு வந்த குற்றமற்றவர் ஒருவரைக் கொன்றது. 1979-இல் கூட்டாட்சி நீதிமன்றம் இவ்வழக்கை ஆராய்ந்தது. அவ்வூர்க் காவலருக்குச் சுடும் பயிற்சி உண்டு. ஆனால் ஓடும் இலக்கு, இரவு நேரம், குடியிருப்புப் பகுதி ஆகியவை பற்றிய போதனை இல்லை. இக்குறைக்கு ஊராட்சியையே பொறுப்பாக்க இடமுண்டு என்று நீதிமன்றம் கருதியது. பயிற்சியின் குறை, சுட்டவர் ஒருவரின் குற்றமாக மட்டும் முடிவதில்லை என்பதே இதன் சாரம்.

1990-இல் ஹவானா நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு இவற்றையெல்லாம் திரட்டி நெறிமுறைகளாக வகுத்தது. தனிப்பயிற்சி முடித்தவருக்கே ஆயுதம் தருதல் வேண்டும். தகுந்த தேர்ச்சி அளவையால் அவரைச் சோதித்தல் வேண்டும். கூட்டத்தின் இயல்பை அறிதல், இணங்கச் செய்தல், சமரசம் பேசுதல் ஆகியனவும் பாடமாதல் வேண்டும் என்பன அவை. நம் நாட்டிலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-ஆம் பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்தை முதலில் கலைந்து செல்லுமாறு ஆணையிடும் முறையையே கூறுகிறது. வாய்ச்சொல் முன்னே, பலம் பின்னே.

ஏட்டில் இருப்பது தெருவில் இல்லாது போனால் என்ன நேரும் என்பதற்குத் தூத்துக்குடி சாட்சி. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தப்பியோடியவர்களும் சுடப்பட்டனர் என்று அது கண்டித்தது. அங்கே குறி தவறியது என்று சொல்வதற்கில்லை, தவறியது முடிவு. அம்முடிவை எடுக்கக் கற்பிக்காத பயிற்சி, பாதிப் பயிற்சியே.

கோலார் மாவட்டத்தினுள் நம் தங்கவயல் தனிப் போலீஸ் மாவட்டமாகவே விளங்குகிறது. சிறிய ஊருக்கு இவ்வளவு காவல் வாய்த்திருக்கையில், அதன் தரத்தைப் பற்றியும் நாம் பேச வேண்டும். ஒருமுறை தேர்ந்தால் ஆயுள் முழுதும் தேர்ந்தவர் என்று கொள்ளாமல், ஆண்டுதோறும் மறுதேர்வு வேண்டும். இருட்டிலும் நெரிசலிலும் பயிற்சி வேண்டும். சுடலாமா, கூடாதா என்று நொடியில் தீர்மானிக்கும் பயிற்சிக்கும் மதிப்பெண் வேண்டும். தவறியவரிடமிருந்து, மீண்டும் தேறும் வரையில் ஆயுதத்தைத் திரும்பப் பெறவேண்டும். இது காவலருக்கு அவமானம் அன்று; பாதுகாப்பு. அரைகுறைப் பயிற்சியோடு தெருவில் நிறுத்தப்படும் பிள்ளையும் நம் பிள்ளைதானே!

பயிற்சிக்குச் சென்ற எங்கள் வீட்டுப் பிள்ளை வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகின்றான். எத்தனை குண்டு குறியில் பட்டது என்று சிற்றப்பன்மார் ஆவலோடு விசாரிக்கின்றனர். "எப்போ சுடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?" என்று பாட்டியார் கேட்கின்றார். காவல் உத்தியோகத்தில் பிள்ளையுள்ள ஒவ்வொரு தங்கவயல் வீட்டாரும் இதனையே கேட்க வேண்டும் என்பது எங்கள் விண்ணப்பம்.