இரண்டு வருஷம் நின்ற நம்ம கோவில் வேன்



ஆடி முதல் வெள்ளியன்று நம்ம பழைய வெள்ளை வேன் கோவில் வாசலில் வந்து நின்றதைப் பார்த்துப் பலர் கேட்டீர்கள், "அட, இது இன்னும் ஓடுதா?" என்று. ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் ஒரே பதிவாக எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பசியாறிவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு வண்டியை ஷெட்டில் பூட்டி வைத்து, பனி முடிந்ததும் எடுத்து ஓட்டுவார்களாம். நமக்குப் பனி ஏது? ஆனால் 2020 மார்ச் 18ஆம் தேதி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததே, அன்றைக்கு நம்ம நாட்டிலும் எத்தனையோ வண்டிகள் அப்படியே நின்றன. கோவில் கதவையே சாத்தினோம். வேன் பிள்ளையார் சன்னதிக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் நின்றது. இரண்டு வாரம்தான் என்று நினைத்தோம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

புதிதாக வந்திருக்கும் தொண்டர்களுக்கு ஒரு விவரம். இந்த வேன் அன்னதானத்துக்கு அரிசி, காய்கறி ஏற்ற மட்டும் வாங்கியது இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போய், தனியாக வர முடியாத ஒன்பது பெரியவர்களை ஏற்றிக்கொண்டு வரும். பூஜை, சாப்பாடு முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடும். ஓட்டியவர் நம்ம டிரைவர் அண்ணன். பல வருஷம் ஒரு வெள்ளி சம்பளம் வாங்காமல் ஓட்டினார். 2021 ஆகஸ்டில் தொற்று அவரைக் கொண்டுபோய்விட்டது. கிட்டே போய் ஒரு பூ போடக்கூட நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்கப்புறம் அந்த சீட்டில் உட்கார யாருக்கும் மனசு வரவில்லை. கொட்டகைப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். உண்மை அதுதான்.

2022 ஏப்ரலில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, கோவில் பழையபடி களைகட்டியது. ஜூன் மாதம் ஒரு நாள் ஆலய அலுவலகத்துக்குத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் போன் போட்டார். "ஏம்பா, ஆடி வருதே, வேன் எப்ப வரும்?" வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த வாரமே கொட்டகையைத் திறந்தோம்.

முதல் சனிக்கிழமை. சாவியைத் திருப்பினோம். ஒரு விளக்குகூட எரியவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 3 வோல்ட்கூட இல்லை. நல்ல பேட்டரி என்றால் வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12க்குக் கீழே போனாலே கிட்டத்தட்டக் காலி என்று அர்த்தம். இளைஞர் அணித் தம்பி ஒருவர் தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து ஜம்பர் கேபிள் எடுத்தார். அவசரத்தில் மாட்டப் போனவரை நிறுத்தி, முறையைச் சொன்னோம். முதலில் சிவப்பு, செத்த பேட்டரியின் பிளஸ்ஸில். அடுத்த முனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். பிறகு கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டக் கூடாது. கொஞ்சம் தள்ளி, இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். பேட்டரி உப்பியோ விரிந்தோ இருந்தால் கேபிள் பக்கமே போகாதீர்கள்.

நாங்கள் பார்த்தபோது நம்ம பேட்டரி லேசாக உப்பியிருந்தது. அதனால் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டோம். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரிக்கு உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். சார்ஜ் போட்டாலும் பெரும்பாலும் தேறாது. 280 வெள்ளிக்குப் புதுசு வாங்கினோம், ஒரு பக்தர் உபயம். கேபிள் முனையில் பூத்திருந்த பச்சைப் பொடியை மடப்பள்ளி ஆப்பசோடாவை வெந்நீரில் கலந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினோம்.

புது பேட்டரி வந்துவிட்டதே என்று உடனே சாவியைத் திருப்பவில்லை. போனட்டைத் திறந்து பார்த்தோம். காற்று ஃபில்டர் பெட்டிக்குள்ளே எலிக்கூடு. அதுவும் எப்படிப்பட்ட கூடு! நம்ம சாமிக்குச் சாத்திய மாலையின் நார், குங்குமப் பொட்டலத்துக் காகிதம், காய்ந்த அறுகம்புல். பிள்ளையார் சன்னதி பக்கம்தானே, வாகனத்துக்குள்ளே அவருடைய வாகனம் குடியிருந்திருக்கிறது என்று சிரித்தோம். கூட்டைச் சுத்தம் பண்ணினோம். கண்ணில் பட்ட இரண்டு ஒயர்களைச் சரிசெய்தோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டாவது சனிக்கிழமை டீசல் வேலை. நம்ம நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் கலந்திருக்கிறது. அன்றாடம் ஓடும் வண்டிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் பயோடீசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதி டேங்கோடு வண்டி மாதக்கணக்கில் நின்றால், காலியாக இருக்கும் பாதியில் காற்றின் ஈரம் வியர்த்து உள்ளே இறங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்பாகப் பாசி மாதிரி பிடிக்கும். ஃபில்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் திறந்தபோது முதலில் வந்தது டீசல் இல்லை, காப்பித்தண்ணி நிறத்தில் தண்ணீர். டேங்க்கை முழுக்க இறக்கிக் கழுவினோம். புது ஃபில்டர் மாட்டி, லிட்டர் 2.15 வெள்ளி கணக்கில் 20 லிட்டர், 43 வெள்ளிக்குப் புது டீசல் ஊற்றினோம். ஃபில்டர் தலையில் இருக்கிற கைப்பம்ப்பை அழுத்தி அழுத்தி, குழாயில் காற்றுக் குமிழி நிற்கும்வரை வெளியேற்றினோம். இன்ஜின் ஆயிலும் மாற்றியாயிற்று. இன்ஜின் இறுகிவிட்டதா என்று பார்க்க, முன்பக்கப் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினோம். சுற்றியது. அம்மா தாயே என்று கும்பிட்டோம்.

மூன்றாவது சனிக்கிழமை, எலுமிச்சம்பழம்கூட வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினோம். ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பத்து விநாடி சுற்றி, ஒரு நிமிஷம் ஆறவிட்டு, மறுபடி சுற்றினோம். தொடர்ந்து சுற்றினால் ஸ்டார்ட்டர் வெந்துவிடும். புகைக்குழாயைப் பார்த்தால் துளிப் புகை இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: டீசல் வண்டி சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை.

பட்டறை வைத்திருக்கும் ஒருவரை அழைத்துக் காட்டினோம். "டீசல் பம்ப் போயிருக்கும். கழற்றிச் செய்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார். அன்று ராத்திரி நிர்வாகக் கூட்டம். சொல்வதற்கு வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறோம்: எங்களில் பாதிப் பேர் விற்றுவிடலாம் என்றுதான் சொன்னோம். 1,500 வெள்ளிக்கு ஆளும் இருந்தது. அப்போது மடப்பள்ளி அக்கா ஒருவர், "அண்ணன் ஒரு 555 புத்தகத்துல வேன் கணக்கெல்லாம் எழுதுவாரே, அதைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். வேனில் தேடினோம், இல்லை. அப்படியானால் அண்ணன் வீட்டில்தான் இருக்கும்.

அண்ணன் போனதற்கப்புறம் நாங்கள் அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. முதலில் கட்டுப்பாடு என்றோம். அப்புறம் வேலை என்றோம். அப்புறம், இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்றோம்.

அண்ணி கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேன் ஸ்டார்ட் ஆகலன்னாதான் எங்க வீடு ஞாபகம் வருதா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

அண்ணி இன்னொன்றும் சொன்னார். முடக்கக் காலத்தில் பத்து கிலோமீட்டருக்கு மேல் போக முடியாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்தாரே, அப்போது வாரம் தவறாமல் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டிருக்கிறார். "வேனை எடுத்துக் கோவிலைச் சுத்தி நாலு ரவுண்டு விட்டீங்களா?" நாங்களும் "விட்டாச்சுண்ணே" என்று சொல்லியிருக்கிறோம். ஒருதரம்கூட விடவில்லை. கோவில் பக்கம் வாரம் ஒருமுறை விளக்கேற்றப் போனவர்கள் நாங்கள்தான். சாவி அலுவலக ஆணியில்தான் தொங்கியது. இதை இங்கே பொதுவில் எழுதுவதே ஒரு பிராயச்சித்தம் என்று நினைக்கிறோம்.

555 புத்தகத்தை அண்ணி சாமி மேடையில், அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஆயில் மாற்றிய தேதி, டயர் போட்ட தேதி எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. ஒரு பக்கத்தில், 2017ல் எலி கடித்தபோது எழுதியது: "சாவி ஆன் போட்டா பம்ப்புகிட்ட டக்குன்னு சத்தம் வரணும். வரலன்னா பம்ப்பைக் குறை சொல்லாதே, ஒயரைப் பாரு."

மறுநாள் காலை ஒருவர் சாவியை ஆன் போட, மற்றவர்கள் இன்ஜினுக்குப் பக்கத்தில் காது வைத்தோம். சத்தமே இல்லை. இந்த மாதிரிப் பழைய டீசல் பம்ப்பில், சாவி போட்டதும் டீசலுக்கு வழிவிடுகிற ஒரு மின்வால்வு உண்டு. அதற்கு 12 வோல்ட் போகாவிட்டால் டீசல் போகாது, எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வண்டி பிடிக்காது. அதற்குப் போகும் ஒயர், பம்ப்புக்கு அடியில் கண்ணுக்கே தெரியாத இடத்தில், எலி பல்லால் கத்தரித்தது மாதிரி அறுந்திருந்தது. ஒரு முழம் ஒயர், இரண்டு முனை, கொஞ்சம் டேப். மறுபடி சாவி. டக்!

சூடேற்றும் விளக்கு அணையும்வரை பொறுத்தோம். திருப்பினோம். முதல் சுற்றில் வெள்ளைப் புகை. மூன்றாவதில் இருமிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, பிடித்துக்கொண்டது. பெரியவர் ஒருவர் ஓடிப்போய்ச் சன்னதி மணியை அடித்தார்.

ஸ்டார்ட் ஆகிவிட்டால் மட்டும் பெரியவர்களை ஏற்ற முடியாது. பின்சக்கரத்தில் பிரேக் கட்டை துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டியிருந்தது, கழற்றிச் செய்தோம். பிரேக் ஆயிலும் ஈரம் குடிக்கும், அதையும் மாற்றினோம். டயர் பார்க்கப் பூவாட்டம் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் இருந்த நாலு எண் 2414. அதாவது 2014ஆம் வருஷம் 24ஆவது வாரம் செய்தது. ரப்பரும் வெடித்திருந்தது. நாலையும் மாற்றினோம். இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ் புதுப்பித்த பிறகுதான் கேட்டைத் தாண்டினோம்.

ஆடி முதல் வெள்ளி, மூன்று தோட்டத்துக்கும் போனோம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை தேதியில் ஒன்பது பேருக்கு டிக் போட்டிருந்தார் அண்ணன். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில், "பாட்டிக்கு முட்டி வலி, ஏற ஸ்டூல் வை." ஸ்டூல் வைத்தோம். ஆறு பேர் ஏறினார்கள். மூன்று பேர் இல்லை. அதில் ஒருவர் போனது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வழியில் அண்ணியையும் ஏற்றிக்கொண்டோம். முன் சீட்டில் உட்காரச் சொன்னோம். "அங்க பாட்டி உக்காரட்டும்" என்று பின்னால் போய் உட்கார்ந்தார். கோவில் வரும்வரை யாரும் அதிகம் பேசவில்லை. வாசலில் இறங்கும்போது பாட்டி மட்டும் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களே, போதும்" என்றார்.

இனி செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறோம். புதன்தோறும் முறை வைத்து ஒரு தொண்டர் வேனை அரைமணி நேரம் வெளியே ஓட்டி வருவார். நிறுத்திய இடத்தில் பத்து நிமிஷம் உறும விட்டால் பேட்டரி சரியாக ஏறாது. நீண்ட நாள் நிற்கும் என்றால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைப்போம், டேங்க்கை நிரப்பி வைப்போம். அதே புதன்கிழமை அந்தத் தொண்டரே ஆறு பேருக்கும், அண்ணிக்கும் போன் போட்டு, "பசியாறியாச்சா?" என்று கேட்பார். இரண்டுக்கும் ஒரே புத்தகம். புது 555 வாங்கி அலுவலகத்தில் வைத்தாயிற்று. செய்யாமல் டிக் போடக் கூடாது.

உங்கள் பக்கத்து வீட்டில், தாமானில், தோட்டத்தில் கோவிலுக்கு வர வண்டியில்லாத பெரியவர்கள் யாராவது இருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள். வேனில் இன்னும் இடம் இருக்கிறது.

எல்லாம் அம்மன் செயல்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்