சொல்லாமல் விட்ட திருத்தம்



2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் பள்ளியில் போதைப்பொருள் எதிர்ப்பு வாரம் நடைபெற்றது. ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் நான் உரையாற்றினேன். "எக்ஸ்டசி மாத்திரையை ஒரே ஓர் இரவு உட்கொண்டாலும் மூளை நரம்புகள் அழியும், இளமையிலேயே கைகால் நடுக்கம் வரும்" என்று எச்சரித்தேன். நாளேட்டில் படித்த செய்தியே எனக்கு ஆதாரம்.

அது வெறும் வதந்தியன்று. 2002 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரிகார்ட்டேயின் குழுவினர் 'சயன்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தனர். குரங்குகளுக்கு மூன்று மணி நேர இடைவெளியில் மூன்று முறை அம்மருந்தைச் செலுத்தியதில், டோபமின் சுரக்கும் நரம்புகள் கடுமையாகச் சிதைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. அவ்வகை நரம்பணுக்கள் அழிவதால் வருவதே பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதம்.

ஆனால், மீண்டும் ஆய்ந்தபோது அம்முடிவு கிட்டவில்லை. குழுவினரே காரணத்தைத் தேடினர். மருந்துப் புட்டிகளின் பெயர்ச்சீட்டு மாறியிருந்தது! ஓரிரண்டு அல்ல, ஏறத்தாழ எல்லா விலங்குகளுக்கும் செலுத்தப்பட்டது எக்ஸ்டசி அன்று. நம் நாட்டில் சியாபு என வழங்கும் மெத்தாம்பெட்டமின். 2003 செப்டம்பரில் அவர்களே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

அத்திருத்தத்தையும் நான் நாளேட்டில் படித்தேன். அதே மாணவர்கள் அதே வகுப்பில்தான் இருந்தார்கள். இருந்தும் நான் சொல்லவில்லை. பிள்ளைகள் அஞ்சியிருப்பது நன்மைதானே என்று எண்ணிவிட்டேன்.

அண்மையில் தம் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க வந்த தந்தை ஒருவர் என்னை வணங்கினார். அன்றைய மாணவர்களுள் ஒருவர், இன்று மருந்தாளர். பேச்சினிடையே, "ஐயா, பதினாறு வயதில் அந்த ஆய்வு தவறென்று இணையத்தில் அறிந்தேன். அப்படியானால் நீங்கள் சொன்ன மற்றவையும் வெறும் பூச்சாண்டிதான் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல வேளை, என் அண்ணன் என்னைத் தடுத்தார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரும்பலகையில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் உடனே அழித்துத் திருத்துகிறோம். சொல்லில் நேர்ந்த பிழையை மட்டும் ஏன் விட்டுவைக்கிறோம்?

இப்போது மாணவர்களிடம் உள்ளதை உள்ளபடி கூறுகிறேன். எக்ஸ்டசி உடல் வெப்பத்தை அளவுமீறி உயர்த்தி உயிரையும் பறிக்கக்கூடும். அதிகமாக உட்கொள்வோரின் நினைவாற்றல் குன்றுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஓர் இரவிலேயே நடுக்குவாதம் வரும் என்பதற்கு அந்த ஆய்வு சான்றாகாது. பின்னர் அந்தப் புட்டிகளின் கதையையும் சொல்லி, "ஆய்வுக்கூடத்திலேயே மருந்து மாறிப்போனதென்றால், தெருவில் ஒருவன் நீட்டும் மாத்திரைக்குள் என்ன இருக்கும்?" என்று கேட்கிறேன்.

வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அன்று நான் அச்சுறுத்தியபோதுகூட அவர்கள் இவ்வளவு கூர்ந்து கேட்டதில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்