பென்சில் உறுப்பினர்



மேரிலாந்திலிருந்து எழுதுகிறேன். அமெரிக்கா உறுப்பினராக உள்ள உலக அமைப்புகளின் பட்டியல், இந்த வாரம் மகளுக்கு வீட்டுப்பாடம். யுனெஸ்கோவையும் சேர்த்திருந்தாள். பக்கத்திலேயே டீச்சரின் குறிப்பு: 'இதைப் பென்சிலில் எழுதியிருக்கலாம்.'

டீச்சர் சொன்னதில் தப்பே இல்லை. 1984 கடைசியில் ரீகன் வெளியே வந்தார். 2003இல் இளைய புஷ் உள்ளே போனார். 2018 கடைசியில் டிரம்ப் வெளியே, 2023இல் பைடன் உள்ளே. 2025 ஜூலையில் டிரம்ப் மறுபடியும் விலகல் அறிவித்தார். அது நடப்புக்கு வருவது 2026 டிசம்பர் கடைசியில். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் கதையும் இதேதான்: ஒபாமா சேர்ந்தார், டிரம்ப் விலகினார், பைடன் சேர்ந்தார், டிரம்ப் விலகினார்.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். அதிபர் வெளிநாட்டோடு உடன்படிக்கை செய்தால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மாநிலத்துக்கு இருவர் வீதம் 50 மாநிலங்களுக்கு 100 பேர். கலிபோர்னியாவுக்கும் இருவர், ஆளரவமற்ற வயோமிங்குக்கும் இருவர். அத்தனை பேரும் வந்திருந்தால் 67 ஓட்டு தேவை. முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கத்தை முன்னின்று உருவாக்கிய வில்சனுக்கே அது கிடைக்கவில்லை. அமெரிக்கா அதில் சேரவே இல்லை. பின்னால் வந்த அதிபர்கள் பலர் செனட் பக்கமே போகாமல் தங்கள் அதிகாரத்திலேயே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். பாரிஸ் அப்படி வந்தது. 2015இன் ஈரான் அணு ஒப்பந்தமும் அப்படித்தான். 2018 மே மாதம் டிரம்ப் அதைத் தூக்கி எறிந்தபோது, கூடவே ஒப்புக்கொண்டிருந்த பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியும் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்ததோடு சரி.

உள்ளே போக இத்தனை கெடுபிடி வைத்த அரசியல் சாசனம், வெளியே வருவதைப் பற்றி வாயே திறக்கவில்லை! செனட் ஒப்புதலோடு வந்த தைவான் பாதுகாப்பு உடன்படிக்கையை கார்ட்டர் தனியாகவே முடித்துவைத்தார். வழக்குப் போட்டார்கள், 1979இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

டெல்லியில் இந்தக் கூத்து கிடையாது. 1971இல் இந்திரா சோவியத்தோடு செய்த உடன்படிக்கையை, 1977இல் வந்த ஜனதா ஆட்சி கிழித்துப்போடவில்லை. அமெரிக்காவோடு 2008இல் வந்த அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்துக் கத்திய பாஜக, ஆட்சிக்கு வந்தபின் அதைத் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என்றால் அது. (சென்னையில் புதுத் தலைமைச் செயலகம், ஆட்சி மாறியதும் மருத்துவமனை ஆன கதையை இங்கே யாரும் எடுக்கவேண்டாம். அது உள்ளூர் விவகாரம்.)

அமெரிக்காவிலும் நேட்டோவுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். செனட்டின் மூன்றில் இரண்டு பங்கோ காங்கிரஸின் தனிச் சட்டமோ இல்லாமல் அதிபர் விலக முடியாது. அந்தப் பூட்டை முன்னின்று கொண்டுவந்த செனட்டர்கள் இருவரில் ஒருவர் மார்கோ ரூபியோ, டிரம்ப் தன் வெளியுறவு அமைச்சராக்கிய அதே ரூபியோ. பூட்டு தாங்குமா என்பதை எந்த நீதிமன்றமும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

நேட்டோவில் அமெரிக்காவை நம்பியிருந்த ஜெர்மானியர்கள் அந்தச் சோதனைக்காகக் காத்திருக்கவில்லை. ராணுவச் செலவுக்காகத் தங்கள் கடன் வரம்பைத் தளர்த்த 2025 மார்ச்சில் அரசியல் சாசனத்தையே திருத்திவிட்டார்கள். அங்கேயும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கிடைத்தது.