உறைய மறுக்கும் நீர்

பனமலைக் குன்றின்மீது இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயிலின் வாயிலில் நின்று நோக்குவார்க்குக் கீழே அகன்ற ஏரியொன்று தோன்றும். மார்கழிப் பனியிலும் அவ்வேரி நீர் உறைந்ததில்லை. செஞ்சிப் பக்கத்தார் அஃது உறையக்கூடுமென்று எண்ணியதுமில்லை. ஆயின் அவ்வூர்க் கடைகளில் இன்று குளிர்பதனப் பெட்டி உண்டு. சித்திரை வெயிலில் வந்த ஒருவர் கடுங்குளிரில் கிடந்த நீர்ப்புட்டியை எடுக்கின்றார். உள்ளே இருப்பது தெளிந்த நீரே. அதனை மேசைமேல் சற்றே தட்டி வைத்த அளவில், கண்ணெதிரே வெண்பனி இழைகள் புட்டி முழுதும் படர்கின்றன. கடைக்காரர் நகைக்கின்றார்; வந்தவர் திகைக்கின்றார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பூச்சியம் பாகை செல்சியசில் பனிக்கட்டி உருகும் என்பது உறுதி. அதே பாகையில் நீர் உறைந்தே தீரும் என்பதோ பாதி உண்மைதான். உறைதலுக்குத் தொடக்கம் ஒன்று வேண்டும். நீரில் கலந்த தூசு, கலத்தின் சுரசுரப்பு, பனித்துகள் போன்ற ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டே முதற்படிகம் பிறக்கும். அசைவற்ற தூய நீர் பூச்சியத்துக்குக் கீழே பல பாகை இறங்கியும் நீராகவே நிற்பதுண்டு. இதனை மீக்குளிர்வு என்பர். மேகத்திலுள்ள நுண்துளிகள் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகைவரைகூட உறையாதிருத்தல் கூடும். படிகம் பிறந்ததும் மறைவெப்பம் வெளிப்பட்டு, நீர் மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். ஆதலின் 8 பாகை மீக்குளிர்ந்த நீரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உடனே பனியாகும். புட்டியில் கட்டி தோன்றாமல் கூழ் தோன்றுவது இதனாலேயே.

இவ்வியல்பு நம் நாட்டுத் தொழிலாளர் பழக்கமொன்றிலும் மறைந்திருந்தது. இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தில், குளங்கள் உறையாத குளிர்காலத்திலும் பனிக்கட்டி செய்து வந்தனர். அதனைக் கண்ட சர் இராபர்ட் பார்க்கர் எழுதிய விவரத்தை இலண்டன் இராயல் சொசைட்டி 1775-இல் வெளியிட்டது. ஆழமற்ற பள்ளங்களில் உலர்ந்த கரும்புத் தட்டையைப் பரப்பி, மெல்லிய மண்தட்டுகளை வரிசையாக வைத்து, அந்தியில் நீர் ஊற்றுவர். நிலத்தின் சூடு மேலேறாமல் தட்டை தடுக்கும். தெளிந்த வானத்தை நோக்கி நீர் தன் வெப்பத்தை இழக்கும். கதிரவன் எழுமுன் பனிக்கட்டியைத் திரட்டிவிடுவர். ஆனால் நீரை முதலில் காய்ச்சிக்கொள்வது அவர்கள் வழக்கம். அது தேவைதானா என்பதைப் பார்க்கர் தீர்த்துச் சொல்லவில்லை.

அதே ஆண்டில் எடின்பரோவின் சோசப் பிளாக் என்னும் அறிஞர், காய்ச்சிய நீரையும் காய்ச்சாத நீரையும் இரு தேநீர்க் கிண்ணங்களில் பனிக்காற்றில் வைத்துப் பார்த்தார். காய்ச்சியது உரிய பாகையிலேயே உறையத் தொடங்கிற்று. மற்றதோ அதற்குக் கீழும் குளிர்ந்து நீராகவே நின்றது, கலக்கியதும் உறைந்தது. இடைவிடாது கலக்கிவந்தபோது இரண்டுக்கும் வேறுபாடே தோன்றவில்லை. காய்ச்சிய நீர் காற்றை மீண்டும் உட்கொள்வதால் ஓயாது அசைகின்றது என்று அவர் காரணம் கூறினார். அக்காரணத்தை ஏற்பினும் ஏலாவிடினும், கலக்கினாலே போதும் என்பது தெளிவாயிற்று, விறகு மிச்சமாகியிருக்கும். ஆயினும், நள்ளிரவில் குளிரில் நடுங்கிக்கொண்டு அத்தனை தட்டுகளையும் கலக்கிவர ஆள் வேண்டுமே!